யாரைக் கேட்டு எரித்தார்கள்?

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளே, உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். நான் ஆரணியின் அப்பா. நோர்வேயில், சுவீடன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹால்டன் என்ற சின்ன ஊரில் இருக்கிறேன். அங்கே மலைமேல் ஒரு பெரிய கோட்டை இருக்கிறது. கோடையில் அந்தக் கோட்டையில் புல் வெட்டுவதும், குளிர்காலத்தில் படிகளில் உறைந்த பனியைக் கொத்தி மணல் தூவுவதும் என் வேலை. பதினாறு வயதில் எழுதும் ஓ.எல். சோதனையோடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்தில் பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை வராமல் எழுதப் பார்க்கிறேன்.

லண்டனில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம், நானும் ஆரணியும். வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளிகளுக்கான பேச்சுப் போட்டி அங்கே நடந்தது. தலைப்பு, 'நான் வாழும் ஊர்'. இந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சை ஒரு மாதம் முன்பே எழுதி அனுப்பிவிட வேண்டும். நடுவர்கள் அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை பேசும்போது வரிக்கு வரி விரல் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு சொல்லைத் தவறவிட்டால் புள்ளி வெட்டு. கூட்டிச் சொன்னாலும் வெட்டு. யார் எழுதியது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அப்பாவோ அம்மாவோதான் எழுதியிருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆரணியின் பேச்சை நான்தான் எழுதினேன். பதினொரு வயதுப் பிள்ளை அதை மூன்று மாதமாகப் பாடமாக்கினாள்.

கதை இதுதான். முந்நூறு வருடங்களுக்கு முன் நோர்வே டென்மார்க் அரசனின் கீழ் இருந்தது. சுவீடன் அரசனுக்கும் டென்மார்க் அரசனுக்கும் நீண்ட சண்டை. சுவீடன் அரசன் படையோடு வந்து எங்கள் ஊருக்குள் புகுந்தான். கீழே ஊர், மேலே கோட்டை. வீடுகளுக்குள் இருந்துகொண்டு கோட்டையைப் பிடிக்கலாம் என்பது அவன் கணக்கு. அப்போது ஊர்ச் சனங்கள் தங்கள் வீடுகளுக்குத் தாங்களே நெருப்பு வைத்தார்கள். மரவீடுகள் எல்லாம் எரிந்தன. ஒதுங்க இடமில்லாமல் அரசன் திரும்பிப் போனான். இரண்டு வருடம் கழித்து இன்னும் பெரிய படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டான். பதுங்குகுழி வெட்டிக்கொண்டே கோட்டைக்குக் கிட்ட வந்தார்கள். ஓர் இரவு, குழிக்குள் இருந்து தலையை உயர்த்திப் பார்த்த அரசனின் தலையில் குண்டு பாய்ந்தது. அது கோட்டையில் இருந்து வந்ததா, சொந்தப் படையில் இருந்தே வந்ததா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். முற்றுகை முடிந்தது. வடக்கே இருந்த அவனுடைய இன்னொரு படை மலைவழியால் வீட்டுக்குத் திரும்பும்போது பனிப்புயலில் அகப்பட்டு, ஆயிரக்கணக்கில் விறைத்துச் செத்தது.

அரசன் விழுந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதைச் சுற்றியும் நான்தான் புல் வெட்டுகிறேன். எதிரி என்று அங்கே ஓர் அங்குலம் கூட்டியோ குறைத்தோ வெட்டுவதில்லை. படை வந்த எல்லையால் இப்போது நாங்கள் சனிக்கிழமைகளில் சுவீடனுக்குப் போகிறோம், மலிவாகக் கோழி வாங்க.

இவ்வளவையும் கோட்டையில் உள்ள பலகைகளை வாசித்துத்தான் எழுதினேன். ஒரே ஒரு வரி மட்டும் பலகையில் இல்லாதது. 'ஒருவர்கூட மறுக்கவில்லை, ஒருவர்கூடக் கண்ணீர் விடவில்லை!' என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் ஆரணி கையை உயர்த்த வேண்டும், சபை கைதட்ட வேண்டும் என்பது என் எண்ணம். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளிக்கிழமை. தோர்ண்டன் ஹீத்தில் என் அக்கா வீட்டுக்குப் போகவேண்டும். குரொய்டனில் இறங்கியதும் அடுத்த ரயில் ரத்து என்று பலகையில் போட்டுவிட்டார்கள். சரி, பஸ்ஸில் போவோம் என்று வெளியே வந்து நின்றோம். அரை மணி நேரமாக எங்கள் நம்பர் பஸ் எல்லாம் எதிர்ப்பக்கத்திலேயே போகிறது. நோர்வேயில் வலப்பக்கம் ஓட்டுவார்கள். நானும் பழக்கதோஷத்தில் வலப்பக்கமே நின்றிருக்கிறேன். பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தில் இடப்பக்கம்தான் ஓட்டினோம் என்பதுகூட நினைவில் இல்லை.

பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள். ஒருத்தி சொன்னாள்: "ரயிலையும் நிறுத்திப்போட்டாங்கள், தபாற்கந்தோரையும் மூடிப்போட்டாங்கள். இனி எங்கள் இரண்டு பேரையும்தான் நிறுத்த வேண்டும்." மற்றவள், "என்னை நிறுத்துவதென்றால் முதலில் கடிதம் போடவேண்டும். அதுவும் வந்து சேராது" என்றாள். இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். ஹால்டன் பஸ்ஸில் இப்படி ஒருவரும் பேசமாட்டார்கள். பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

அக்கா வாசலிலேயே நின்றார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆரணியைக் கட்டிப்பிடித்து, "பிள்ளை நல்லா வளந்திட்டாய். உன்ரை அப்பாவைப் போல கறுவலும் இல்லை" என்றார். மேசையில் இடியப்பம், சொதி, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. நோர்வேயில் என்றால் முருங்கைக்காய் வாங்க நாங்கள் ஒஸ்லோவுக்கு ஓடவேண்டும். ஆரணி எட்டு இடியப்பம் சாப்பிட்டாள்.

அத்தான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "மச்சான், நோர்வேயிலை பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ? பனியை வழிச்சு வழிச்சோ குடுக்கிறாய்?"

"பனி இல்லை மாமா, சீஸ் வைச்ச பாண். காலமையும் பாண், பள்ளிக்கூடத்திலையும் பாண்" என்றாள் ஆரணி.

சனிக்கிழமை காலையில் அக்கா எங்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பொன்னாங்காணி, வல்லாரை, கரணைக்கிழங்கு என்று எல்லாம் பெட்டி பெட்டியாக வாசலில் கிடந்தன. கடைக்காரர் அக்காவைப் பார்த்து, "என்னக்கா, தம்பியோ? அதே மூக்கு" என்றார். அக்கா, "மூக்கு மட்டும்தான் அண்ணை அதே. மிச்சமெல்லாம் வேறை" என்று சிரிக்காமல் சொன்னார். பகிடி என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம், முன்னறையில் ஒத்திகை. அத்தான் சோபாவில் நடுவராக இருந்தார். ரிமோட்டை மணி மாதிரிப் பிடித்துக்கொண்டார். அக்கா கீழே கடதாசி விரித்து வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆரணி கம்பளத்தின் நடுவே நின்று, "அவைக்கு வணக்கம்!" என்று தொடங்கினாள். நல்ல குரல். நெருப்பு வைத்த கட்டம் வந்தது. "ஒருவர்கூட மறுக்கவில்லை, ஒருவர்கூடக் கண்ணீர் விடவில்லை!" என்று கையை உயர்த்தினாள். அத்தான் கைதட்டினார்.

அக்கா வல்லாரையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஆரைக் கேட்டு எரிச்சவை?"

ஆரணி என்னைப் பார்த்தாள். நான், "ஊர்ச்சனம் தானக்கா. தாங்களாத்தான் எரிச்சவை" என்றேன்.

"ஊர்ச்சனம் எண்டா எல்லாருமோ? ஒரு மனிசி பிள்ளைப்பெறுவுக்குத் தாய்வீட்டை போயிருந்தா, அவளின்ரை வீட்டை ஆர் எரிச்சது? ஒருத்தரும் மறுக்கேல்லை எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"அது பலகையிலை இல்லை மாமி" என்றாள் ஆரணி. "அது அப்பா தானாப் போட்டவர். கைதட்டு வாறதுக்கு."

"கைதட்டு வரும்தான்" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "உவையாவது எரிச்சதை எரிச்சம் எண்டு சொன்னவை, தம்பி. செல் விழுந்த வீட்டிலை கதவுப் பிணைச்சல் ஒரு ஆணியும் வளையாமல் கழண்டு கிடந்ததை நான் வேறை ஒரு இடத்திலையும் காணேல்லை."

வல்லாரையை அள்ளிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அத்தான் ரிமோட்டை அழுத்தி டிவியைப் போட்டார்.

பிள்ளைகளே, அக்கா என்ன சொன்னார் என்பதை உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். இதை எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். நீங்கள் பொய் சொல்லக்கூடாது என்று நாங்கள் ஒவ்வொரு நாளும் சொல்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலும் ஒரு கோட்டை இருக்கிறது. ஒல்லாந்தர் கட்டியது. தொண்ணூறாம் ஆண்டு போரில், உள்ளே இருந்த இராணுவத்தைப் போராளிகள் சுற்றி வளைத்து முற்றுகை நடந்தது. அக்காவின் புது வீடு கோட்டையில் இருந்து ஒரு மைலுக்குள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அக்கா பிள்ளைப்பெறுவுக்கு அம்மாவோடு வடமராட்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். பகலும் இரவும் செல் எனும் பீரங்கிக் குண்டு விழுந்தது. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், மிஞ்சியிருந்தவர்கள் எல்லாருமாகப் பதுங்குகுழி வெட்டினோம். மேலே மூட உறுதியான மரம் இல்லை. "உன்ரை அக்கா வீட்டிலை நல்ல தீராந்தி கிடக்கு, கதவெல்லாம் வேம்பு" என்று ஒருவர் சொன்னார். சைக்கிளில் அரைநாள் மிதித்தால் அக்காவைக் கேட்டிருக்கலாம். மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை. திறந்துவிட்டேன். கதவுகள், தீராந்தி என்ற கூரை உத்திரம், கைமரம் எல்லாவற்றையும் கழற்றினோம். கூரையில்லாத வீட்டின் சுவர்கள் மாரி மழையில் சரிந்தன.

அக்கா கைக்குழந்தையோடு திரும்பி வந்து வீட்டு வாசலில் நின்றபோது நான் சொன்னேன்: "செல் விழுந்திட்டுது அக்கா."

முப்பது வருடத்துக்கு மேலாக அதையே உண்மை மாதிரி வைத்திருந்தேன். அக்கா அதை நம்பினார் என்றும் நினைத்திருந்தேன். வளையாமல் கழன்று கிடந்த கதவுக் கீல்களை அவர் அன்றைக்கே கண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை. போட்டி ஹரோவில். தோர்ண்டன் ஹீத்தில் இருந்து லண்டனின் மற்ற முனைக்குப் போகவேண்டும். அத்தானுக்கு ஷிப்ட். அக்கா எங்களோடு வந்தார். வழியில் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. ஆரணிக்கு மட்டும் முட்டை றோல் எடுத்துக் கொடுத்துக்கொண்டு வந்தார். பாதிவழியில் சுரங்க ரயில் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளத் திருத்த வேலையாம். எல்லாரையும் இறக்கி மாற்றுப் பஸ்ஸில் ஏற்றினார்கள். நோர்வேயில் பனி முழங்கால் வரை கொட்டினாலும் எங்கள் ரயில் வந்துவிடும், இங்கே வெயிலில் நிற்கிறதே என்று சொன்னேன். அக்கா ஆரணிக்கு அடுத்த றோலை நீட்டினார்.

மண்டபத்தில் நூறு பிள்ளைகளாவது இருப்பார்கள். பட்டுப்பாவாடை, வேட்டி, கையில் மடித்த கடதாசி. ஒவ்வொரு மூலையிலும் ஒரு தாயோ தகப்பனோ பிள்ளைக்கு முன்னால் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நேரே நடுவர் மேசைக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஓர் ஆசிரியை இருந்தார்.

"ரீச்சர், மகளின்ரை பேச்சிலை ஒரு வரியை எடுக்கவேணும்."

"இப்பவோ? பிரதி வந்தபடிதான் அண்ணை. மாத்தினா புள்ளி வெட்டுவம்."

"அந்த வரி பிழை ரீச்சர்."

"இலக்கணப் பிழையோ? அதுக்கு வெட்டமாட்டம்."

"இல்லை. பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் உண்மையைச் சொல்லுறியள், நான் விதியைச் சொல்லுறன். பிள்ளையைக் கேளுங்கோ" என்றார்.

ஆரணியை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்: "அந்த வரி எனக்குத் தெரியாத விசயம் பிள்ளை. நானாப் போட்டது. நீ விரும்பினாச் சொல்லு, விரும்பாட்டி விடு. விட்டா புள்ளி போகும்."

அவள் கண் கலங்கிவிட்டது. "மூண்டு மாசம் அப்பா! முதலே சரியா எழுதியிருக்கலாம்தானே?"

அவள் பேர் கூப்பிட்டார்கள்.

பேச்சு நன்றாகப் போனது. படை வந்தது, சனங்கள் நெருப்பு வைத்தார்கள். கையை உயர்த்த வேண்டிய இடம் வந்தது. அவள் கையை உயர்த்தவில்லை. நிறுத்தினாள். பாடம் மறந்துவிட்டது என்று நினைத்து நடுவர் மெதுவாக "ஒருவர்கூட..." என்று எடுத்துக்கொடுத்தார்.

"எனக்குத் தெரியும் ரீச்சர்" என்றாள் ஆரணி. பிறகு சபையைப் பார்த்து, "ஒருவர்கூட மறுக்கவில்லை என்று என் அப்பா எழுதினார். ஆனால் அவருக்கு அது தெரியாது. வீட்டில் இல்லாத ஆட்களை யாராவது கேட்டார்களா என்று பலகையில் எழுதவில்லை" என்றாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆரணி விட்ட இடத்தில் பிடித்து, அரசன் விழுந்ததையும், மலையில் விறைத்துச் செத்த சுவீடன் பெடியன்களையும் சொல்லி முடித்தாள். நான் எதிர்பார்த்த கட்டத்தில் சபை கைதட்டவில்லை.

பரிசு கிடைக்கவில்லை. பங்குபற்றியவர்களுக்கு என்று ஒரு பேனையும் சான்றிதழும் கொடுத்தார்கள். ஆரணி பேனையை எனக்குத் தந்துவிட்டு, "நீங்கள் வைச்சிருங்கோ, நீங்கள்தானே எழுதினது" என்றாள். கோபம் தீரவில்லை.

திரும்பி வரும்போதும் அதே மாற்றுப் பஸ். ஆரணி முன் இருக்கையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இருந்தாள். நானும் அக்காவும் பின்னால். இனிச் சொல்லாவிட்டால் ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"செல் விழேல்லை அக்கா" என்றேன். "நான்தான் திறந்துவிட்டனான்."

அக்கா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். "அது தெரியும்" என்றார். "ஆருக்கு வித்தனீ?"

எனக்கு விளங்கவில்லை. "என்னத்தை?"

"கதவையும் தீராந்தியையும். அந்த நேரம் மரம் நல்ல விலை போனது. நீ வெளிநாடு வாறதுக்குக் காசு தேடிக்கொண்டு திரிஞ்சனி. வித்துப்போட்டாய், வெக்கத்திலை செல் எண்டு சொல்லுறாய் எண்டு நினைச்சன். அத்தானுக்கும் நான் சொல்லேல்லை. என்ரை தம்பியை ஆரும் கள்ளன் எண்டு சொல்லக்கூடாது எண்டு."

முப்பது வருடமாக அக்கா என்னை அப்படி நினைத்துக்கொண்டே இடியப்பம் அவித்துத் தந்திருக்கிறார்.

"விக்கேல்லை அக்கா. ஒழுங்கையிலை பங்கர் வெட்டினம். அதுக்கு மேலை போட்டம். எல்லாம் அதுக்குத்தான்."

அவர் இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். முகம் முழுவதையும் தேடுவதுபோல் பார்த்தார்.

"எத்தினை பேர் உள்ளை இருந்தனீங்கள்?"

"பதினாலு பேர். நாலு சின்னப்பிள்ளையள்."

"ஒருத்தருக்கும்...?"

"இல்லை. பக்கத்திலை ரெண்டு தரம் விழுந்தது. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை."

"விசரா" என்றார் அக்கா. "இதை அண்டைக்கே சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பன்? கேட்டிருந்தா நானே பிடுங்கித் தந்திருப்பனே. என்னைக் கேட்காமல் விட்டிட்டியேடா."

பஸ் ஒரு தரிப்பில் நின்றது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, கடையில் சாமான் விசாரிப்பதுபோலக் கேட்டார்:

"அந்த முன்வாசல் இரட்டைக் கதவு. அதை எங்கை போட்டனீங்கள்?"

"நடுவிலை. பிள்ளையள் படுக்கிற இடத்துக்கு மேலை."

"அது நல்ல பாரமான கதவு" என்றார் அக்கா. "தாங்கியிருக்கும்."

"தாங்கினது அக்கா" என்றேன்.